தாங்கும் கை திருப்பாது

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஏதாவதொரு டீக்கடை முன் நின்றால் இதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து விடியும் முன்பே புறப்பட்ட இளைஞர்கள், குனிந்து ஓட்டும் பைக்குகளில் வந்து நிற்கிறார்கள். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டு உதறுகிறார்கள். க்ளவுஸை உருவினால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் சிவந்த ஒரு கோடு. ஒருவர் மணிக்கட்டை மறுகையால் பிடித்து மெல்லத் திருகிக்கொள்கிறார். இன்னொருவர் டீ கிளாஸை வாங்க ஒரு நொடி தயங்குகிறார். சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் அவர் சொல்லுக்கு வரவில்லை. கழுத்தும் இடுப்பும் பற்றிய பேச்சு பிறகு வரும். முதலில் உதறப்படுவது கைதான்.

ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. வண்டியில் நெடுநேரம் உட்கார்ந்து வந்தவருக்கு உட்கார்ந்த இடம் நோவது முறை. மடங்கியே இருந்த முழங்கால் நோவதும் முறை. கை என்ன செய்தது? கிளட்சும் பிரேக்கும் விரல்களின் வேலை. ஆக்சிலேட்டருக்கு மணிக்கட்டின் சிறு அசைவு போதும். நேர்ச்சாலையில் திருப்புவதற்கும் ஒன்றுமில்லை. உள்ளங்கை சிவக்கும்படியான உழைப்பு அங்கே இல்லவே இல்லை. அப்படியானால் கை தனக்கு உரியதல்லாத ஒரு வேலையைச் செய்திருக்கிறது. உடம்பின் மேற்பாதி முழுவதையும் அது சுமந்துகொண்டு வந்திருக்கிறது. அந்த வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. அருகில் இருந்ததால் அதன் தலையில் விழுந்தது.

நம் வாழ்க்கையில் வலி எடுக்கும் இடங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு முன், அந்தக் குனிந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

அது காற்றுக்காகப் பிறந்த உடம்பு. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் ரோலி ஃப்ரீ என்பவர் ஒரு வின்சென்ட் மோட்டார் சைக்கிளின் மேல் குப்புறப் படுத்தபடி மணிக்கு 150 மைலைத் தாண்டினார். நம் கணக்கில் சுமார் 242 கிலோமீட்டர். முந்தைய ஓட்டத்தில் தோல் உடை காற்றில் கிழிந்துபோக, கடைசி ஓட்டத்தை நீச்சல் கால்சட்டையோடு ஓடினார். அந்தப் புகைப்படத்தை இன்றும் பைக் பிரியர்கள் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். சுகம் என்ற எண்ணத்துக்கே அதில் இடமில்லை. ஒரு மனிதர் காற்றுக்கு முன் தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்ளப் பார்க்கிறார், அவ்வளவுதான். பிறகு வந்த பந்தய வண்டிகள் அந்தப் படுக்கையைக் குனிதலாக மாற்றிக்கொண்டன. தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய கால்மிதி, நீண்ட டேங்க். 1985இல் விற்பனைக்கு வந்த சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750, பந்தயக் களத்தின் அந்த அமைப்பைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தது. 2008இல் யமஹா ஆர்15 வந்தபோது, அதுவரை சுவரொட்டியில் பார்த்த உருவம் நம் ஊர் இளைஞனின் மாதத் தவணைக்குள் வந்து சேர்ந்தது. 2017 டிசம்பரில் ஓசூர்த் தொழிற்சாலையின் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தபோது, குனிந்த வண்டி என்பது நம் ஊர் நிறுவனம் செய்யும் பொருளும் ஆனது.

அந்த உருவத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு பங்கானால் எதிர்ப்பு நான்கு பங்காகும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பின் கீழ் கைகொடுத்து, முன்னே சாய்ந்த உடம்பில் ஒரு பகுதியைத் தான் ஏந்திக்கொள்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நேர்பாதையில் குனிந்து போகிறவருக்கு மணிக்கட்டு நினைவுக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம். அதே வண்டி அண்ணா சாலையின் மாலை நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது, ஏந்த வேண்டிய காற்று அங்கே இல்லை. வராத காற்றுக்குப் பதிலாக மணிக்கட்டு நிற்கிறது. எந்த வேகத்துக்காக அந்த வடிவம் உண்டானதோ அந்த வேகம் இல்லாத இடத்தில், வடிவம் மட்டும் மிஞ்சி, அதன் விலையை உடம்பு கட்டுகிறது.

இதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் பிறரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பலவற்றின் கதி இதுதான். ஒரு பெருந்தொழிலதிபர் நாளுக்குப் பதினாறு மணி நேரம் உழைத்தார் என்று படித்துவிட்டு அந்தப் பதினாறு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவரை அவ்வளவு நேரமும் ஏந்திப் பிடித்த ஆர்வத்தையும், அவர் வீட்டு வேலைகளைச் சத்தமில்லாமல் சுமந்த மனிதர்களையும் சேர்த்து வாங்க முடியாது என்பது பிறகுதான் தெரிகிறது. துறவியின் மௌனத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் அதைக் கோபமாக மட்டுமே அனுபவிக்கிறார். ஒருவரைத் தாங்கிய காற்று இன்னொருவர் தெருவில் வீச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனாலும் இங்கேயே நின்றுவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். காற்று இல்லாத தெருவிலும் கை நோகாமல் இதே வண்டியை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உடம்பு வேறு விதமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தொடைகளும் டேங்கை அணைத்துப் பிடித்திருக்கின்றன. பாதத்தின் முன்பகுதி கால்மிதியில் ஊன்றியிருக்கிறது. வயிற்றுத் தசையும் முதுகின் கீழ்த்தசையும் சேர்ந்து மேலுடம்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. முழங்கை லேசாக மடங்கி, வெளிப்புறம் தளர்ந்து இருக்கிறது. கை ஹேண்டிலின் மேல் இருக்கிறது, ஆனால் அதில் ஊன்றவில்லை. குடத்தை இடுப்பில் வைத்து வருகிறவளின் கை குடத்தின் கழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது, பார்ப்பவருக்கு அவள் கையால் தூக்கி வருவதாகத் தோன்றும், சுமப்பதோ இடுப்பு. தேர்ந்த ஓட்டுநரின் கையும் அப்படித்தான் இருக்கிறது.

வலி குறைகிறது என்பது இதன் சிறிய பயன். பெரிய பயன் வேறு. சாயாத கையால்தான் வண்டியைத் திருப்ப முடியும்.

இரண்டு சக்கர வண்டிக்கு ஒரு வினோதமான அறிவு உண்டு. ஆள் இல்லாத சைக்கிளைத் தள்ளிவிட்டால், வேகம் இருக்கிற வரை அது விழுவதில்லை. சாயும் பக்கம் முன்சக்கரத்தைத் தானே திருப்பி நிமிர்ந்துகொள்கிறது. சக்கரம் சுழலும் விசைதான் காரணம் என்றும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் கைப்பிடி அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுவதுதான் காரணம் என்றும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். டச்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இரண்டு விளைவுகளையும் நீக்கிய ஒரு வண்டியைக் கட்டி ஓடவிட்டார்கள். அதுவும் தானே சமன் செய்துகொண்டு ஓடியது. 2011இல் சயின்ஸ் இதழ் அதை வெளியிட்டது. அந்தச் சமநிலைக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஓட்டுகிறவருக்கு அதில் உள்ள செய்தி எளிது: முன்சக்கரம் இடைவிடாமல் தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது, அதற்குத் தேவை, திருத்திக்கொள்ள விடுகிற ஒரு கை.

ஹேண்டிலில் சாய்ந்த கை அதை விடுவதில்லை. அது விறைத்து நிற்கிறது. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அந்த விறைப்பின் வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. தோளின் ஒவ்வொரு பதற்றமும் அதே வழியில் சக்கரத்துக்கு இறங்குகிறது. வளைவு வரும்போது கையை வேண்டிய பக்கம் மெல்ல அழுத்த வேண்டும். ஆனால் அந்தக் கையில் ஏற்கெனவே அரை உடம்பு இருக்கிறது. அதிலிருந்து எது கட்டளை, எது வெறும் பாரம் என்று வண்டிக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே கை வழியாகத்தான் வருகின்றன. ஓட்டுகிறவருக்கே அந்த வேறுபாடு தெரியாமல் போய்விடுகிறது. நான் திருப்புகிறேன் என்று அவர் நினைக்கும் இடத்தில் அவர் சாய்ந்துகொண்டிருக்கிறார்.

நாம் தேடி வந்த இடம் இதுதான். எதை வழிநடத்தும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறதோ, அதன் மேல் நம் பாரத்தை வைக்கக் கூடாது. வைத்த கணத்திலேயே அதை வழிநடத்தும் தகுதியை இழந்துவிடுகிறோம்.

பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் ஒரு தகப்பனை நினைத்துப் பார்ப்போம். தனக்குக் கிடைக்காத படிப்பு, உறவுகளின் நடுவே தான் பட்ட அவமானம், வாங்கிய கடன், வயதான காலத்தைப் பற்றிய அச்சம் ஆகிய அனைத்தையும் அந்த ஒற்றைத் தாளின் மேல் வைத்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைமேல் அன்பில்லாதவரும் இல்லை. ஆனால் எந்தப் படிப்பு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டிய நேரத்தில், அவர் சொல்வது யோசனையா, தன் பாரத்தின் அழுத்தமா என்பது பிள்ளைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிள்ளை தானாகத் தடுமாறித் தானாக நிமிர்ந்துகொள்ளக் கூடிய சிறு தடுமாற்றங்களைக்கூட அவரால் விட்டுவைக்க முடியாது. ஏனெனில் அது அசைந்தால் இவர் விழுவார்.

பதவியில் இருப்பவரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நாற்காலி தீர்மானம் எடுப்பதற்காகத் தரப்பட்ட கருவி. அந்த நாற்காலியே தன் மதிப்பு, தன் அடையாளம், வீட்டில் தனக்குக் கிடைக்கும் மரியாதை என்று ஆகிப்போனவரால் அதைப் பணயம் வைக்கும் ஒரு தீர்மானத்தை எடுக்க முடியாது. ஆனால் தீர்மானம் என்று சொல்லத் தகுந்தவை பெரும்பாலும் நாற்காலியைப் பணயம் வைப்பவைதான். நம் அரசியலிலும் இதைக் காண்கிறோம். ஒரு தலைவரின் மேல் தன் பெருமை முழுவதையும் சாய்த்துவிட்ட தொண்டரால் அந்தத் தலைவரை நோக்கி ஒரு கேள்விகூடக் கேட்க முடிவதில்லை. மக்கள் தலைவர்களை வழிநடத்துவதுதான் மக்களாட்சி என்றால், தலைவர்மேல் சாய்ந்து நிற்கும் மக்கள் அதை நடத்துவது எப்படி? கொள்கைகளின் விஷயமும் இதுவே. ஒரு கருத்தின் மேல் தன் தன்மானத்தைச் சாய்த்தவர், புதிய உண்மை எதிரே வந்தாலும் அந்தக் கருத்தைத் திருப்ப இயலாதவராகிறார். கருத்தைத் தான் பிடித்திருப்பதாக எண்ணிக்கொண்டு, கருத்தால் பிடிக்கப்பட்டவராகவே அவர் காலம் தள்ளுகிறார்.

அப்படியானால் எதன் மேலும் சாயாமல் வாழ வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடை எங்கும் மறைந்துபோவதில்லை. கையிலிருந்து எடுத்த பாரத்தைத் தொடையிலும் வயிற்றிலும் முதுகிலும் வைத்தே ஆக வேண்டும். தாங்குவதற்கென்று அமைந்த பகுதிகள் உடம்பில் உண்டு, வாழ்க்கையிலும் உண்டு. பலனைக் கணக்குப் பார்க்காத அன்றாட உழைப்பு, பேரம் இல்லாத இரண்டொரு நட்பு, தனிமையில் நம்மை நாமே சகித்துக்கொள்ளும் பழக்கம், வருவாய்க்குள் அடங்கிய தேவை, எவரும் பார்க்காத நேரத்திலும் கைவிடாத ஒரு நேர்மை என்று அவை பெரும்பாலும் வெளியே தெரியாதவை. முதுகுத் தசையும் வெளியே தெரியாதது. அது ஒரு பயணத்தில் வளர்வதில்லை. வண்டியைத் தொடாத நாட்களில், மாதக்கணக்கில், சலிப்பூட்டும் பயிற்சியில் வளர்கிறது. கையோ எப்போதும் தயாராக, முன்னால் நீட்டப்பட்டு, பற்றிக்கொள்ள ஒன்றைத் தேடியபடி இருக்கிறது. பலமான இடத்தை வளர்க்கப் பொறுமை இல்லாதவர்கள் அருகில் இருக்கும் இடத்தில் சாய்கிறார்கள். நம் பிழைகளில் பெரும்பங்கு தீய எண்ணத்தால் வருவதில்லை. இந்தச் சோம்பலால் வருகிறது.

சோம்பலோடு அச்சமும் சேர்கிறது. லாரி ஒன்று உரசிப் போகும்போது, மழையில் சாலை வழுக்கும்போது, கை தானாக இறுகுகிறது. இறுகப் பிடித்தால் பாதுகாப்பு என்று உடம்பு நம்புகிறது. மரத்திலிருந்து விழும்போது கிளையைப் பற்றிய காலத்தின் அறிவு அது. ஓடும் வண்டியில் அந்த அறிவு எதிராகத் திரும்புகிறது. இறுகிய முன்கைத் தசை ரத்தம் நிறைந்து உப்புகிறது. அதைச் சுற்றியுள்ள உறை அந்த அளவுக்கு விரிவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி விரல்கள் சொன்னபடி கேட்பதை நிறுத்துகின்றன. உலகத் தரப் பந்தய வீரர்களும் இதற்குத் தப்புவதில்லை. மூன்று உலகப் பட்டங்கள் வென்ற ஸ்பெயினின் டானி பெட்ரோசா, 2015 பருவத்தின் முதல் பந்தயமான கத்தாருக்குப் பிறகு இதற்காகவே முன்கையில் அறுவை செய்துகொண்டு மூன்று பந்தயங்களை விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானிலும் மலேசியாவிலும் அவர் வென்றார். அவர் கைக்கு வந்தது, நொடிக்கு நொடி பிரேக் பிடித்து உடம்பை எறியும் தொழில் தரும் தவிர்க்க முடியாத பாரம். நாமோ தேவையில்லாத இடத்தில் அதே அளவுக்கு இறுகி நிற்கிறோம். பந்தயம் ஓடாதவர் பந்தய வீரனின் காயத்தை மட்டும் பெறுவதில் பெருமை ஏதும் இல்லை.

வலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை வலித்துக்கொண்டிருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. வலி, இடம் மாற்று என்று உடம்பு விடுக்கும் செய்தி. அந்தச் செய்தியைத் தொடர்ந்து மறுத்தால், ஒரு கட்டத்தில் வலி நின்றுவிடும். பழகிவிட்டது என்று நாம் மகிழும் நேரம் அது. உண்மையில் உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கின்றன. வலிக்கும் கை பிரேக்கை உணரும். மரத்த கை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையே அறியாது. மனிதர்களும் இப்படித்தான். முதல் முறை பொய் சொல்லும்போது நெஞ்சு உறுத்துகிறது. வீட்டில் ஒருவரை முதல் முறை அவமதிக்கும்போது இரவில் தூக்கம் வருவதில்லை. முதல் முறை கையூட்டு வாங்கும்போது நோட்டு சுடுகிறது. உறுத்தல் நின்ற நாளில், எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். சரியானது எதுவுமில்லை. செய்தி சொல்லி வந்த நரம்பு ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே சுகம் என்பதை வலி இன்மை என்று வரையறுத்துக்கொள்கிறவர், மரத்துப்போன நிலையைச் சுகம் என்று கொண்டாடும் அபாயத்தில் இருக்கிறார்.

அசையாமல் இருப்பதும் சுகம் ஆகாது. நான்குவழிச் சாலையில் ஒரே நிலையில் நெடுநேரம் போனவர், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவரைவிட அதிகமாகக் களைத்திருப்பார். மலையில் உடம்பு ஒவ்வொரு வளைவுக்கும் இடம் மாறுகிறது, ஒரு தொடை தாங்க மறு தொடை ஓய்கிறது, ரத்தம் தேங்குவதில்லை. ஆசனம் உறுதியும் சுகமும் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று யோக நூலில் வகுத்த பதஞ்சலி, அதை அடையும் வழியாக முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதைச் சொல்கிறார். உறுதி வேண்டும், இறுக்கம் வேண்டாம் என்பது அதன் பொருள். தொடை உறுதியாக இருக்கும்போதுதான் தோள் தளர முடிகிறது. உள்ளே உறுதி இல்லாதவரை யாராவது, தளர்வாக இரு என்று சொன்னால் அவர் சரிந்து விழுவார். வெளியே இறுகியபடியே இருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. பிடிவாதக்காரர்களில் பலரைக் கோபத்தோடு பார்க்கிறோம். உள்ளே ஊன்றிக்கொள்ள ஏதும் இல்லாதவர்கள் அவர்கள் என்று தெரிந்தால் கோபம் குறையும்.

அதே கொல்லிமலையில் இறங்கும் வழி இன்னொரு பாடம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும்போது சரிவும் என்ஜினின் உந்துதலும் உடம்பைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. கையில் பாரம் தெரிவதில்லை. எப்படி உட்கார்ந்தாலும் ஏறிவிடலாம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவின் முன்னும் பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் முழு உடம்பும் முன்னே வந்து மணிக்கட்டில் விழுகிறது. டேங்கைத் தொடையால் பிடித்துப் பழகாதவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் எடையும் சேர்ந்து வரும். உயரமான அந்தச் சின்ன இருக்கையில் அவருக்குப் பிடித்துக்கொள்ள நம்மைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நாம் ஒழுங்காக ஊன்றியிருக்கவில்லை என்றால், நம்மை நம்பி ஏறியவரின் பாரமும் நம் கைக்கே வந்து, நம்மோடு அவரையும் தடுமாற வைக்கும்.

ஏற்றத்தில் எல்லோரும் நன்றாகவே வாழ்கிறோம். வருமானம் கூடுகிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், சொன்னதைக் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். எதன் மேல் நம் எடை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் தேவையே எழுவதில்லை. இறக்கம் எல்லோருக்கும் உண்டு. ஓய்வு பெற்ற மறுநாள் தொலைபேசி அடிக்காது. பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். உடம்பின் உறுப்புகள் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கும். அப்போது, இத்தனை காலமும் வேலையைச் செய்துவந்தோமா அல்லது வேலையின் மேல் சாய்ந்திருந்தோமா, பிள்ளைகளை வளர்த்தோமா அல்லது அவர்களைப் பற்றித் தொங்கினோமா, மனைவியோடு வாழ்ந்தோமா அல்லது அவள் தாங்கினாள் என்பதால் நின்றோமா என்ற கணக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தீர்வுக்கு வருகின்றன. தாங்குவதற்கு உரிய இடங்களில் எடையை வைத்துப் பழகியவர் அந்தச் சரிவிலும் தலை நிமிர்ந்து, அடுத்த வளைவைப் பார்த்து, கை தளர்ந்து இறங்குகிறார். மற்றவர்கள் இறக்கத்தையே குற்றம் சொல்கிறார்கள்.

குனிந்த வண்டி வேண்டாம், நிமிர்ந்து உட்காரும் வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லலாம். அதுவும் நல்ல யோசனைதான். 2021 முதல் அந்த ஓசூர் வண்டியையே, தாழ்ந்த கைப்பிடி வேண்டுமா வழக்கமானது போதுமா என்று வாங்குகிறவர் தேர்ந்துகொள்ள முடிகிறது. பொருத்தமில்லாத உருவத்தை ஆசைக்காகச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா வண்டியையும் மாற்றிக்கொள்ள முடியாது. பிறந்த வீடு, பெற்ற பிள்ளை, வந்து சேர்ந்த காலம், சுமந்தே தீர வேண்டிய சில கடமைகள் என்று வாழ்க்கை நமக்குத் தரும் கைப்பிடிகள் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கின்றன. அவற்றை உயர்த்தித் தரச் சொல்லி யாரிடமும் விண்ணப்பம் போட முடியாது. மாற்றக் கூடியது எடை வைக்கும் இடம் ஒன்றுதான். அந்த ஒன்று நம் கையில் இருக்கிறது என்பதே நமக்கு வாய்த்த சுதந்திரம்.

ஆகவே அடுத்த முறை எங்காவது வலி எடுக்கும்போது, சாலையையும் வண்டியையும் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நான் நடத்துகிறேனா, இதன் மேல் சாய்ந்திருக்கிறேனா? சாய்ந்திருக்கிறேன் என்று பதில் வந்தால், பிடியை இன்னும் இறுக்க வேண்டாம். பாரத்தைத் தாங்கத் தெரிந்த இடத்துக்கு மாற்றுங்கள். அப்படி ஓர் இடம் இன்னும் இல்லையென்றால், அதை வளர்க்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அதற்கு மாற்று எதுவும் இல்லை.